தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்களின் வாய்மொழிக் கதைகள்: கேட்கவும் திரும்பச் சொல்லவும் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகளை ஒரே தெருவில் கேட்கலாம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் சென்றால் இருளர்களின் பேச்சும், சில குடியிருப்புகளில் லம்பாடியும் சேர்ந்துகொள்ளும். வீட்டுக்குள் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வாழும் இக்குடும்பங்களில் பாட்டன் பாட்டிமார் சொல்லிவரும் கதைகள் பெரும்பாலும் எழுத்தில் ஏறியதில்லை. எங்கிருந்து வந்தோம், குலதெய்வம் எப்படி இங்கே அமர்ந்தது, எந்தப் பஞ்சத்தில் யாரை இழந்தோம், ஏன் இன்ன ஊரில் பெண் எடுப்பதில்லை என்பன போன்ற செய்திகள் அக்கதைகளுக்குள்தான் இருக்கின்றன. தம் குடும்பத்துக் கதைகளைக் கேட்டுச் சேர்க்க விரும்பும் ஒருவர் முன்பயிற்சி இல்லாமலேயே தொடங்குவதற்கான வழிமுறையை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடங்கும் முன் நோக்கத்தை முடிவுசெய்துகொள்ள வேண்டும். கைப்பேசியில் பதிந்துவிட்டாலே கதை காப்பாற்றப்பட்டுவிட்டதாகப் பலரும் எண்ணுகிறார்கள். பதிந்த கோப்பை இரண்டாம் முறை திறந்து கேட்பவர்களோ மிகக் குறைவு. ஆகவே, அக்கதையை உங்கள் பிள்ளைக்கோ தம்பி மகளுக்கோ தாளைப் பார்க்காமல் சொல்லத் தெரிந்துகொள்வதையே இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவு, எழுத்துப்படி, ஆண்டுக் கணக்கு ஆகிய எல்லாமே அந்த இலக்குக்குத் துணைசெய்பவை.

யாரிடம் தொடங்குவது

ஒரு பெரிய தாளில் தந்தை வழி, தாய் வழி இரண்டிலும் மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதி, இன்று உயிரோடிருப்பவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தாய் வழியைத் தவறாமல் எழுத வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வம்சக் கதை என்றால் ஆண் வழி என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் வாழ வந்த பெண்கள்தாம் வேறோர் ஊரின் கதைகளையும், சில வீடுகளில் வேறொரு மொழியின் கதைகளையும் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். ஓசூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் ஆனேக்கல், மாலூர், குப்பம் என்று மாநில எல்லைக்கு அப்பால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் வழக்கமாக இருப்பதால், ஒரே வீட்டில் மாமியார் சொல்லும் கதை ஒரு நாட்டதாகவும் மருமகள் சொல்லும் கதை இன்னொரு நாட்டதாகவும் இருக்கும்.

மூத்தவர்களில் உடல்நலம் குன்றியவரை முதலில் சந்திப்பதே முறை. அடுத்த பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம். இன்னொன்றையும் எதிர்பார்த்துச் செல்லுங்கள்: ஒவ்வொரு குடும்பத்திலும் எல்லாம் அறிந்த பெரியப்பா ஒருவர் இருப்பார், ஆயா (பாட்டி) வாயைத் திறந்தவுடன், “அது அப்படி இல்லை” என்று குறுக்கிட்டுத் தாமே சொல்லத் தொடங்குவார். அவரை மனம் நோகாமல் தனியாக வேறொரு நாள் உட்காரவைத்து, அவர் சொல்வதையும் முழுமையாகப் பதிந்துகொள்ளுங்கள். இருவர் சொன்னதும் வேறுபட்டால், அந்த வேறுபாட்டையும் கதையின் ஒரு பகுதியாகவே காக்க வேண்டும்.

எப்போது, எங்கே கேட்பது

நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே கைப்பேசியை நீட்டி, “உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் பெரும்பாலானவர்கள் மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். கை வேலையில் இருக்கும்போதுதான் வாய் தாராளமாகப் பேசும். நம் பகுதியில் இதற்கு மிகப் பொருத்தமான காலம் மாசி, பங்குனி மாதங்களில் நடக்கும் புளி வேலை. காய்ந்த புளியின் ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுக்கும் இவ்வேலைக்குத் திண்ணையிலும் மரத்தடியிலும் பெண்கள் வட்டமாக அமர்ந்துவிட்டால் பொழுது சாயும்வரை எழமாட்டார்கள். ஒருவர் தொடங்கிய கதையை இன்னொருவர் பிடித்துக்கொள்வார். மறந்த பெயரை மூன்றாமவர் எடுத்துக்கொடுப்பார். நீங்களும் ஒரு கூடைப் புளியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள். வெறுங்கையோடு உட்கார்ந்து கேள்வி கேட்பவரைவிட, கொட்டையைச் சரியாகத் தட்டத் தெரியாமல் திட்டு வாங்குகிறவரிடம் அவர்கள் அதிகம் பேசுவார்கள்.

கேழ்வரகு அறுவடை, மாங்காய்ப் பருவம், மொச்சை உரிக்கும் நாள்கள் ஆகியவையும் இத்தகைய வாய்ப்புகளே. பெங்களூருவில் கட்டட வேலைக்கும் பிற வேலைகளுக்கும் சென்றவர்கள் ஊர்த் திருவிழாவுக்குத்தான் திரும்புகிறார்கள் என்பதால், சிதறிப்போன அண்ணன் தம்பிகளை ஒருசேரக் கேட்க வேண்டுமானால் மாரியம்மன் பண்டிகையை ஒட்டி நாள் குறிப்பது நல்லது.

உருது பேசும் வீடுகளில் பகலில் கதை சொன்னால் வழிப்போக்கர்கள் வழி தவறிவிடுவார்கள் என்றொரு நம்பிக்கை உண்டு. நானி (பாட்டி) பகலில் மறுத்தால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாமல், இரவு உணவுக்குப் பின் சென்று கேளுங்கள். ஒப்பாரியில் இதைவிடக் கூடுதல் கவனம் தேவை. ஒரு பெண்ணின் வாழ்க்கை வரலாறு முழுவதும் அவள் தன் தாய்க்கோ கணவனுக்கோ பாடிய ஒப்பாரியில் அடங்கியிருக்கலாம். ஆயினும் சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று பலர் கருதுகிறார்கள். வீட்டை விட்டுத் தள்ளிக் கொல்லைமேட்டிலோ தோப்பிலோ பாட அவர்கள் இசையக்கூடும். இழவு வீட்டில் பதிவுக் கருவியை வெளியே எடுக்கவே வேண்டாம்.

கேட்கும் முறை

பொதுவான கேள்வி பொதுவான விடையையே தரும். “பஞ்ச காலத்தில் ரொம்பக் கஷ்டப்பட்டீர்களா?” என்று கேட்டால், “ஆமாம் கண்ணு, ரொம்பக் கஷ்டம்” என்ற விடையோடு பேச்சு நின்றுவிடும். அதையே, “ஆயா, அந்த வருஷம் அடுப்புல என்னா வெச்ச?” என்று கேட்டுப்பாருங்கள். எந்தக் கிழங்கைத் தோண்டினார்கள், அதன் கசப்பு போக எத்தனை முறை வேகவைத்தார்கள், ராகி கடன் கொடுத்த வீடு எது, கொடுக்க மறுத்த வீடு எது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு பொருளையோ இடத்தையோ பிடித்துக்கொண்டு கேட்பதே இதில் உள்ள நுட்பம். பழைய பத்திரம், பரணில் கிடக்கும் மரக்கால், கல்யாணத்துக்கு வந்த பித்தளைத் தவலை, சாமிப் பெட்டி, சுவரில் மாட்டிய புகைப்படம் ஆகிய எதையேனும் கையில் கொடுத்துக் கேட்கலாம். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கேட்டு முடிக்க முனையாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் சென்றால் சொல்பவரும் தளர்வார், கேட்பவரும் தளர்வார்.

கதை சொல்பவருக்கு “உம்” கொட்ட ஆள் வேண்டும். ஒலிப்பதிவு தூய்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக வாய்மூடி இருப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். உம் கொட்டாவிட்டால் ஆயா, “தூங்கிட்டியா?” என்று கேட்டுவிட்டுக் கதையைச் சுருக்கிவிடுவார். உங்கள் குரல் பதிவில் விழுந்தால் விழட்டும். பெயரோ ஆண்டோ தவறாகத் தோன்றினாலும் இடையில் திருத்த வேண்டாம். குறிப்பேட்டில் ஓரமாகக் குறித்துவைத்து, கதை முடிந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். சொன்ன கதையையே சில நாள் கழித்து இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள். இரண்டு முறையும் மாறாமல் வரும் சொற்றொடர்கள் எவை என்று கவனித்தால், நீங்கள் திரும்பச் சொல்லும்போது மாற்றாமல் காக்க வேண்டியவை எவை என்பது விளங்கிவிடும்.

பதிவு

இதற்குக் கைப்பேசியே போதும். விமானப் பயன்முறையில் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, மடித்த துண்டின்மேல் சொல்பவருக்கு ஒரு முழத் தொலைவில் வையுங்கள். செயலி அனுமதித்தால் சுருக்கப்படாத வேவ் வடிவில் பதியுங்கள். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 300 எம்பி இடம் பிடிக்கும். தொடக்கத்தில் நாள், ஊர், சொல்பவர், கேட்பவர் ஆகிய விவரங்களை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் உள்ளே இந்த விவரம் இருக்கும். அன்றிரவே மூன்று படிகள் எடுத்து, அவற்றில் ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.

மொழியைக் கையாளுதல்

நம் மாவட்டங்களுக்கே உரிய சிக்கல் இது. அவ்வா தெலுங்கில் தொடங்கி, தமிழுக்கு மாறி, சாமி பேசும் இடத்தில் மட்டும் மீண்டும் தெலுங்குக்குச் செல்வார். கேட்கிற பேரனுக்கோ தெலுங்கு பேச வரும், எழுத வராது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தெலுங்கு, கன்னடம், உருது வழிப் பள்ளிகள் இருந்தாலும், 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு பள்ளிக்குச் சென்ற தலைமுறைக்குத் தமிழ் எழுத்தே முதன்மையாகப் பழகியிருக்கிறது. எனவே தமிழ் எழுத்திலேயே தெலுங்கையோ கன்னடத்தையோ எழுதிக்கொள்ளத் தயங்க வேண்டாம். ‘க’, ‘ட’, ‘ப’ போன்றவற்றின் வேறுபட்ட ஒலிகளைக் காட்ட எழுத்தின் மேல் 2, 3, 4 என்று சிறிய எண் இடும் பழைய முறை இதற்கு உதவும். பிறகு அம்மொழியில் படித்த உறவினர் ஒருவரைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளலாம்.

உடனே தமிழாக்கிவிடுவதுதான் தவிர்க்க வேண்டியது. சொன்னபடியே ஒரு படி, அதன் கீழே பொருள் என்ற வரிசையை மீறாதீர்கள். மொழி மாறும் இடங்களை அடிக்கோடிட்டு வையுங்கள். பாட்டு, சாபம், தெய்வ வாக்கு, இறக்கும் தறுவாயில் ஒருவர் சொன்ன சொல் ஆகியவை பெரும்பாலும் மூதாதையர் மொழியிலேயே நிற்கும். திரும்பச் சொல்லும்போதும் அந்த வரிகளை அப்படியே சொல்லிவிட்டுப் பிறகு பொருள் சொல்வதுதான் கதைக்கு அழகு என்பது என் கருத்து.

அண்டை வீட்டு மொழியிலும் கேட்டுப்பார்ப்பது பயன் தரும். கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதாகப் புலியிடம் வாக்குக் கொடுத்து, அதைக் காக்கும் புண்ணியகோடி என்ற பசுவின் கதையைக் கன்னடம் பேசும் வீடுகளில் அஜ்ஜியின் மடியிலேயே கேட்டு வளர்கிறார்கள். தக்காண உருதுவில், எந்திரக் கல்லில் மாவரைக்கும்போது பெண்கள் பாடிய சக்கி நாமா என்னும் பாடல் வகை சூஃபிக் கருத்துகளை வீட்டுக்குள் கொண்டுசென்றது. “உங்கள் வீட்டில் மாவரைக்கும்போது என்ன பாடினார்கள்?” என்ற ஒரே கேள்வியை நான்கு மொழி வீடுகளிலும் கேட்டுவிட்டால், ஒரு தெருவின் பாட்டு வரிசையே கையில் வந்துவிடும்.

ஆண்டுக் கணக்கு

வாய்மொழிக் கதையில் ஆண்டு எண்ணாக வராது. ஒரு நிகழ்ச்சியைச் சார்ந்தே வரும். ஆகவே, சொல்பவரிடம் செல்லுமுன் நம் பகுதிக்கான நிகழ்ச்சிப் பட்டியல் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை நீடித்தது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. அதில் மூழ்கிய ஊர்களைப் பற்றிய பேச்சு பென்னாகரம் பக்கத்துக் காவிரிக் கரையோரத்தில் இன்றும் உண்டு, நீர் வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே தெரியும். தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சரானதும் மதுவிலக்கு முதலில் சேலம் மாவட்டத்தில்தான் 1937 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அம்மாவட்டத்தில் இருந்தமையால், “கள்ளுக்கடை மூடிய வருஷம்” என்று ஒருவர் சொன்னால் நாளையே குறித்துவிடலாம். அணாக் கணக்கு போய்ப் புதுப் பைசா வந்தது 1957 ஏப்ரலில். கிருஷ்ணகிரி அணையும் 1950களைச் சேர்ந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல்.

தமிழ் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருபவை என்பதை மறந்துவிடக் கூடாது. தாது வருஷம் 1936லும் வந்தது. பஞ்சத்தைப் பற்றிய கதையா, வேறு நிகழ்ச்சியா என்று பார்த்துத்தான் எந்தத் தாது என்று முடிவுசெய்ய வேண்டும்.

தலைமுறைக் கணக்கும் ஒரு நல்ல உரைகல். ஒரு தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டுகள் என்று கொள்ளுங்கள். 1945இல் பிறந்த ஆயா, “என் பாட்டனோட அப்பா திப்பு படையில் இருந்தார்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பாட்டனின் தந்தை 1860ஐ ஒட்டிப் பிறந்திருக்கலாம். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் பெரும்பாகமான பாராமகால் 1792லேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஓசூர்ப் பகுதியும் 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு போய்விட்டது. இடையில் இரண்டு மூன்று பெயர்கள் உதிர்ந்திருக்கின்றன என்பதே இதன் பொருளாக இருக்கக்கூடும். கதையை அடித்துத் திருத்தாமல், சொன்னபடியே எழுதி, ஓரத்தில் உங்கள் கணக்கைக் குறித்துவையுங்கள்.

குடும்பக் கதையும் ஊர்க் கதையும்

சேர்த்த கதைகளை ஒப்பிடும்போது, நம் குடும்பத்துக்கே உரியது என்று நினைத்தது பலருக்கும் பொதுவாக இருப்பதைக் காண்பீர்கள். வடக்கிலிருந்து தெற்கே குடிபெயர்ந்ததாகச் சொல்லும் தெலுங்குக் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு கதை உண்டு. தம் பெண்ணைக் கேட்ட அரசனுக்கு அஞ்சி இரவோடிரவாக ஓடிவருகிறார்கள். வெள்ளம் பெருக்கெடுத்த ஆறு குறுக்கே நிற்கிறது. கரையில் இருந்த புங்க மரம் வளைந்து கொடுத்து அவர்களைக் கரையேற்றுகிறது. அன்றுமுதல் அம்மரம் அவர்களுக்குத் தெய்வமாகிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத சாதியினரும் இதே கதையைச் சொல்கிறார்கள். அரசன் பெரும்பாலும் இஸ்லாமியனாகவே சொல்லப்படுவதால், அடுத்த வீட்டுக்காரர் மேல் பகை வளர்க்கவும் இக்கதையைப் பயன்படுத்த முடியும். இது பயணக் கதைகளுக்குரிய ஒரு பொது வார்ப்பு என்பதை உங்கள் குறிப்பில் எழுதிவிடுங்கள். வரலாற்றுச் சான்றாகக் காட்டாதீர்கள். அந்த மரத்தை இன்றும் வெட்டாமல் காப்பது, அதன் கீழே ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலிடுவது போன்ற வழக்கங்கள் குடும்பத்தில் இருந்தால், அவற்றை விரிவாக எழுதுவதே அதிகப் பயன் தரும்.

இப்பகுதி மலைகளில் வாழும் பழங்குடியினரான மலையாளி மக்கள் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய சகோதரர்கள் என்று சொல்வதும் இப்படியொரு பயணக் கதைதான். சித்தேரி மலையில் கேட்பதைக் கல்வராயன் மலையிலும் சேர்வராயன் மலையிலும் கேட்பதோடு ஒப்பிட்டால், எந்தச் சகோதரர் எந்த மலைக்குப் போனார் என்பதில் ஊருக்கு ஊர் அழுத்தம் மாறுவதைக் காணலாம்.

கல்லில் நிற்கும் சான்றுகளையும் பாருங்கள். இரு மாவட்டங்களிலும் நடுகற்கள் ஏராளமாக உள்ளன. ஆநிரை கவர்தலிலோ மீட்டலிலோ இறந்த வீரர்களுக்கு எடுக்கப்பட்ட கற்கள் பலவற்றை மக்கள் இன்று வேடியப்பன் என்று வணங்குகிறார்கள். உங்கள் குலதெய்வம் வேடியப்பனாக இருந்தால், கல்லில் எழுத்து இருக்கிறதா, வீரன் கையில் வில்லா வாளா, அருகில் மாடு உண்டா என்று பார்த்துப் படம் எடுத்து, குடும்பத்தார் சொல்லும் கதையை அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். எண்ணெயும் மஞ்சளும் பூசிய கல்லைச் சுரண்டவோ சுண்ணாம்பு தடவவோ கூடாது. படிக்கத் தெரிந்தவரிடமோ கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு அருங்காட்சியகங்களிலோ படத்தைக் காட்டிக் கேட்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில் உள்ளவை போன்ற கற்திட்டைகளை (பலகைக் கற்களால் எழுப்பிய பழங்கால ஈமச் சின்னங்களை) பாண்டவர் வீடு என்று சொல்வதும் இப்பகுதியில் கேட்கக்கூடியதே.

பாண்டவர் கதை இங்கே வேரூன்றியதற்குப் பாரதக் கூத்தும் ஒரு காரணம். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் விடிய விடியத் தெருக்கூத்துமாகப் பல நாள்கள் நடந்து, அர்ச்சுனன் தபசு, படுகளம், தீமிதி என்று முடியும். புதிதாகக் கதை சொல்ல வருபவர்கள் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்து, கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரனைக் கவனித்துவிட்டு வருவது நல்லது. நடந்த கதையைச் சுருக்கி நினைவூட்டுவது, தூங்குபவர்களை எழுப்புவது, உள்ளூர்ச் செய்தியைக் கதைக்குள் நுழைப்பது ஆகிய மூன்றையும் அவரிடம் கற்கலாம். தருமபுரியிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் குடும்பத்தார் அங்கே கம்சாளை என்னும் தாளத்தோடு கன்னடத்தில் பாடப்படும் மாதேஸ்வரனின் கதையையும் கேட்டுவரலாம். ஒரே தெய்வத்தின் கதை எல்லைக்கு இருபுறமும் எப்படிச் சொல்லப்படுகிறது என்பது அப்போது விளங்கும். இன்னும் முறையாகப் படிக்க விரும்புவோருக்கு, கிருஷ்ணகிரிக்கு அருகிலேயே உள்ள குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது.

இசைவும் மறைப்பும்

பதியும் முன்பும், பதிந்ததைப் பிறருக்குக் கொடுக்கும் முன்பும் சொன்னவரிடம் தனித்தனியே கேட்க வேண்டும். ஓடிப்போன பெண், பங்காளிச் சண்டை, நிலம் கைமாறிய விதம், சாதி கடந்த திருமணம் ஆகியவை பற்றிய கதைகள் இன்று உயிரோடிருப்பவர்களைப் பாதிக்கும். இவற்றைப் பெயர் நீக்கி எழுதினாலும் ஊரார் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அத்தகைய பதிவைக் குடும்பத்துக்குள் மட்டும் வைத்து, எந்த ஆண்டுவரை வெளியிடக் கூடாது என்று சொன்னவர் விரும்புகிறாரோ அதை உறைமேல் எழுதிவிடுங்கள். குடும்ப வாட்சப் குழுவில் முழுப் பதிவையும் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே போடுவது ஊர் நடுவே போடுவதற்குச் சமம்.

திரும்பச் சொல்லுதல்

எழுத்துப்படியை மூன்று நான்கு முறை படித்தபின் மூடிவைத்துவிட்டு, கதையின் இடங்களை மட்டும் வரிசையாக மனத்தில் நிறுத்துங்கள்: கிணற்றடி, ஆற்றங்கரை, புங்க மரம், புது ஊர். வரிவரியாக மனப்பாடம் செய்தவர்கள் ஒரு சொல் தவறினால் நின்றுவிடுவார்கள். இடம் இடமாக நினைவு வைத்தவர்களுக்குக் கதை தானே நகரும். ஆயாவின் மாறாத சொற்றொடர்களையும், மூதாதையர் மொழியில் நிற்கும் வரிகளையும் மட்டும் நெட்டுருச் செய்துகொள்ளுங்கள்.

முதல் முறை சிறு பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள், “ஏன்?” என்று கேட்கும் இடங்களில்தான் உங்களுக்கே விடை தெரியாத பகுதிகள் இருக்கும், அவற்றைக் குறித்துக்கொண்டு மீண்டும் ஆயாவிடம் செல்லலாம். இரண்டாம் முறை, கதையைச் சொன்னவர் முன்னிலையிலேயே சொல்லுங்கள். அவர் இடைமறித்துத் திருத்துவார். முன்பு சொல்லாத ஒரு கிளைக் கதையையும் அப்போது எடுத்துவிடுவார். அந்த அமர்வையும் நாள் குறித்துப் பதிந்து, முதல் பதிவை அழிக்காமல், இரண்டையும் ஒரே உறையில் வையுங்கள்.